அனுமதியும் அமானிதமும்: உலாவி நீட்சிகளின் வரலாறு தரும் படிப்பினை



பிறர் இல்லத்தில் நுழையுமுன் அனுமதி கோரி ஸலாம் உரைக்க வேண்டும் என்று ஸூரா அந்நூர் கற்பிக்கிறது. அனுமதி கோரும் சட்டம் விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். அதே ஸூரா, சில வசனங்களுக்குப் பின், முஃமின்கள் தம் பார்வையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. நம் பார்வையைப் பேணுவதும், பிறர் பார்வையிலிருந்து நம் இல்லத்தைப் பேணுவதும் இவ்வாறு அருகருகே வைக்கப்பட்டுள்ளன. இணைய உலாவிகளின் வரலாற்றில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதிய இடம் ஒன்று உண்டு. அதை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது அவசியம்.

1990-இல் செர்ன் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ முதல் உலாவியை உருவாக்கினார். 1993-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து மொசைக் வந்தது. 1994-இல் நெட்ஸ்கேப் வந்தது. 1995-இல் களமிறங்கிய மைக்ரோசாஃப்ட், தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை விண்டோஸுடன் இணைத்தே வழங்கி நெட்ஸ்கேப்பை வீழ்த்தியது. நெட்ஸ்கேப் நிறுவனம் 1998-இல் தன் மூலநிரலை உலகுக்குத் திறந்துவிட்டது. அதிலிருந்து வளர்ந்த மொஸில்லா திட்டம் 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0-ஐ வெளியிட்டது.

ஃபயர்ஃபாக்ஸின் புகழுக்குப் பெரிதும் காரணமானவை நீட்சிகள். உலாவியோடு எவரும் எழுதி இணைக்கக்கூடிய சிறு நிரலே நீட்சி. விளம்பரங்களைத் தடுக்கவும், ஆபாசப் படங்களை மறைக்கவும், மொழிபெயர்க்கவும் நீட்சிகள் பெருகின. ஆயினும் அக்காலத்து நீட்சிகளுக்கு எல்லை வகுக்கப்படவில்லை; உள்ளே வந்த நிரல் உலாவி முழுவதையும் ஆளமுடிந்தது. 2008-இல் தோன்றிய கூகுள் குரோம், 2010-இல் நீட்சிகளை ஏற்றபோது, ஒவ்வொரு நீட்சியும் தனக்குத் தேவையான அனுமதிகளை முன்னரே அறிவிக்க வேண்டும் என்று வகுத்தது. 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸும் பழைய முறையைக் கைவிட்டு இவ்வழிக்கு வந்தது. இவ்வாறு அனுமதி கோரும் ஒழுங்கு உலாவிக்குள்ளும் நுழைந்தது.

ஆனால் கேட்கப்படும் அனுமதியை நாம் வாசிக்கிறோமா? நீங்கள் செல்லும் எல்லாத் தளங்களிலும் உள்ள தகவல்களைப் படிக்கவும் மாற்றவும் இயலும் என்று ஒரு நீட்சி அறிவித்தால், வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், மருத்துவரிடம் கேட்ட அந்தரங்க வினா ஆகிய அனைத்தும் அதன் பார்வைக்குள் அடங்கும்.

இதன் விளைவை இரு நிகழ்வுகள் காட்டுகின்றன. எந்தத் தளம் நம்பத்தக்கது என்று நிறமிட்டுக் காட்டிய நீட்சி வெப் ஆஃப் டிரஸ்ட். அது திரட்டிய உலாவல் விவரங்கள் பிறருக்கு விற்கப்பட்டதையும், அவற்றிலிருந்து தனிமனிதர்களை அடையாளம் காண முடிந்ததையும் 2016 நவம்பரில் ஜெர்மனியின் என்.டி.ஆர். ஒலிபரப்பு நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. நம்பிக்கையைப் பெயரிலேயே சுமந்த நீட்சியின் நிலை இது. இரண்டாவது, இருபது லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்திய தி கிரேட் சஸ்பெண்டர். அதை உருவாக்கியவர் 2020-இல் வேறொருவருக்கு விற்றார். தீங்கான நிரல் புகுந்ததால் 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. நீட்சிகள் தாமாகவே புதுப்பிக்கப்படுபவை. பரந்த அனுமதியை ஏற்கெனவே பெற்றுவிட்ட நீட்சி கைமாறினால், புதிய உரிமையாளர் மறுபடியும் நம் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

தீனின் பெயர் தாங்கியது பாதுகாப்பானதாகவே இருக்கும் என்றும் எண்ணிவிட முடியாது. இது உலாவி நீட்சி அன்று, கைபேசிச் செயலி பற்றியது. ஆயினும் படிப்பினை ஒன்றே. தொழுகை நேரங்களைக் காட்டும் முஸ்லிம் புரோ செயலியிலிருந்து பயனர்களின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்குச் சென்றதையும், அதன் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்கள் இருந்ததையும் 2020 நவம்பரில் மதர்போர்டு இதழ் வெளியிட்டது. அதன்பின் அத்தொடர்பை முறித்துக்கொள்வதாக முஸ்லிம் புரோ அறிவித்தது.

பிள்ளைகளின் பார்வையை ஹராமிலிருந்து காக்க எண்ணி வடிகட்டும் நீட்சியை நிறுவும் பெற்றோர் நம்மில் பலர். எண்ணம் தூயது. எனினும் பழைய முறையில் ஒரு வடிகட்டி, ஒவ்வொரு பக்கத்தையும் தான் பார்த்தே வடிகட்டியது. பிள்ளையின் கண்ணைக் காக்க அந்நியரின் கண்ணை வீட்டுக்குள் அமர்த்துவதாக அது முடியலாம். இதற்கு மாற்றும் உருவானது. ஆப்பிளின் சஃபாரி 2015-இல் ஐபோனுக்குக் கொண்டுவந்த முறையில், நீட்சி தடைப்பட்டியலை மட்டும் உலாவியிடம் ஒப்படைக்கும். தடுக்கும் வேலையை உலாவியே செய்யும். நீட்சி எதையும் பார்ப்பதில்லை. குரோமும் இவ்வழியை ஏற்று 2024 முதல் பழைய முறை நீட்சிகளை முடக்கத் தொடங்கியது. இதனால் தடுக்கும் ஆற்றல் குறைகிறது என்று விளம்பரத் தடுப்பு நீட்சிகளை எழுதுவோர் வாதிடுகின்றனர். ஃபயர்ஃபாக்ஸ் இரு முறைகளையும் அனுமதிக்கிறது. மொஸில்லா பணியாளர்கள் ஆய்ந்து பரிந்துரைக்கும் நீட்சிகளின் தொகுப்பையும் 2019 முதல் வைத்துள்ளது.

எனவே எந்த உலாவியைப் பயன்படுத்தினும் நீட்சிகளின் பட்டியலை அவ்வப்போது திறந்து பாருங்கள். தேவையற்றதை நீக்குங்கள். எல்லாத் தளங்களுக்கும் அனுமதி கேட்பதை, சொடுக்கும்போது மட்டும் இயங்குமாறு சுருக்குங்கள். குரோமில் 2018 முதல் இவ்வசதி உண்டு. வீட்டுக் கணினியில் நம் துணைவியர், பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரின் அந்தரங்கமும் அடங்கியுள்ளது. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களைக் கேட்காமல் பிறருக்குத் திறந்துவிடும் உரிமை நமக்கில்லை.

அமானிதங்களைப் பேணி, பார்வைகளைக் காத்து வாழும் நல்லடியார்களாக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.