டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, எஞ்சினுக்கு ஏன் வரவில்லை?

செங்குத்தான மலைப்பாதை. ஒரு வண்டி பின்பக்கமாகவே மேலே ஏறிக் கொண்டிருக்கிறது! ஓட்டுபவருக்கு என்ன ஆயிற்று என்று இன்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். 1920களில் அமெரிக்கக் கிராமங்களில் ஃபோர்ட் மாடல் டி வைத்திருந்தவர்கள் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்குக் காரணம் தெரியும்.

மாடல் டியில் பெட்ரோல் பம்ப் கிடையாது. முன் இருக்கைக்கு அடியில் டேங்க். அங்கிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே குழாய் வழியாக இறங்கி கார்புரேட்டருக்கு வரும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது மேட்டில் ஏறினால் எஞ்சின் பக்கம் உயர்ந்துவிடும், டேங்க் தாழ்ந்துவிடும். தண்ணீர் மேட்டுக்கு ஏறுமா? பெட்ரோலும் ஏறாது. வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றினால் டேங்க் உயர்ந்துவிடும், பிரச்சினை தீர்ந்தது. ரிவர்ஸ் கியரின் இழுவை சக்தி அதிகம் என்பது கூடுதல் வசதி.

1925-ல் ஃபோர்ட் நிறுவனம் இதே வண்டியின் பின்னால் சுமைப் பெட்டி வைத்து, பிக்கப் என்ற பெயரில் தொழிற்சாலையிலிருந்தே விற்கத் தொடங்கியது. விலை 281 டாலர். அதில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க இருக்கையைத் தூக்கி, ஒரு குச்சியை டேங்கில் விட்டுப் பார்த்தால் போதும். நோயும் எளிது, சோதனையும் எளிது.

உறிஞ்சும் தொட்டி

மேட்டுப் பிரச்சினைக்கு அந்தக் காலத்திலேயே ஒரு மாற்று வந்திருந்தது. எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு, பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை ஒரு சிறு தொட்டிக்கு உறிஞ்சி, அங்கிருந்து கார்புரேட்டருக்கு இறக்குவது. ஸ்டூவர்ட் வார்னர் நிறுவனத்தின் வேக்குவம் டேங்குகள் பல வண்டிகளில் இருந்தன.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல். ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தினால் எஞ்சினுக்குள் வெற்றிடம் குறைந்துவிடும். நீண்ட மேட்டில் முழு அழுத்தத்தில் ஏறும்போது தொட்டி காலியாகி வண்டி திணறும். காலை ஒரு கணம் எடுத்தால் மறுபடி உறிஞ்சிக் கொள்ளும். பழைய நோய் போய்ப் புது நோய் வந்தது!

கண்ணாடிக் கிண்ணத்தின் காலம்

1920களின் இறுதியில் டயஃப்ரம் பம்புகள் பரவின. கேம்ஷாஃப்ட் சுழலும்போது ஒரு நெம்புகோல் ரப்பர் பூசிய துணித் தகட்டை மேலும் கீழும் இழுக்கும். பெட்ரோல் உறிஞ்சப்பட்டு, கார்புரேட்டருக்குத் தள்ளப்படும். அழுத்தம் சதுர அங்குலத்திற்குச் சுமார் 3 முதல் 6 பவுண்ட்தான். 1932-ல் வந்த ஃபோர்டின் வி8 எஞ்சினிலும் இப்படிப்பட்ட பம்ப்தான்.

பல பம்புகளின்மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். துரு, தண்ணீர், குப்பை எல்லாம் அதன் அடியில் தங்கும். மூடியைத் திறந்து பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

இந்தப் பம்ப் சூடான எஞ்சினோடு ஒட்டி நிற்பதால் வேறு தொல்லை வந்தது. வெயிலில் ஓடி நின்ற வண்டியில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகும். திரவத்தைத் தள்ளும் பம்ப்பால் ஆவியைத் தள்ள முடியாது. இதுதான் வேப்பர் லாக். ஈரத்துணியைப் பம்ப்மேல் போட்டுக் காத்திருந்தால் வண்டி கிளம்பிவிடும். சிலர் குழாயில் மரத்தாலான துணி கிளிப்புகளை வரிசையாக மாட்டி வைத்தார்கள்!

சோதனையின் வரிசை

இந்தக் காலத்து பிக்கப் ஒன்று வழியில் நின்றால், நல்ல மெக்கானிக் உடனே பம்ப்பைக் கழற்ற மாட்டார். முதலில் டேங்க் மூடியைத் திறப்பார். மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் குற்றவாளி அகப்பட்டான்.

அடுத்து, எஞ்சினை நிறுத்தி கார்புரேட்டரின் வாயைப் பார்த்தபடி ஆக்சிலேட்டர் கம்பியை அசைப்பார். மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்சினால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. கோளாறை ஸ்பார்க் பக்கம் தேட வேண்டும். பீய்ச்சவில்லை என்றால், கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு டப்பாவுக்குள் விட்டு, ஸ்பார்க்கைத் துண்டித்துவிட்டு செல்ஃப் அடிப்பார். விட்டு விட்டு வேகமாகக் கொட்டினால் பம்ப் நன்றாக இருக்கிறது, மிதவையோ ஊசி வால்வோ சிக்கியிருக்கிறது. கொட்டவில்லை என்றால் பம்ப், பில்டர், பின்னால் வரும் குழாய் என்று பின்னோக்கிப் போவார்.

ஒன்று முக்கியம். டேங்குக்கும் பம்ப்புக்கும் இடையில் ரப்பர் குழாய் வெடித்திருந்தால் பெட்ரோல் சொட்டாமலே போகலாம். ஆனால் பம்ப் அந்த வெடிப்பு வழியாகக் காற்றை உறிஞ்சும். இது தெரியாமல் எத்தனை நல்ல பம்புகள் குப்பைக்குப் போயிருக்கும்! எஞ்சின் ஆயில் குச்சியில் பெட்ரோல் வாடை அடித்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். சூடான எஞ்சின் அருகே இந்தச் சோதனைகளைச் செய்வது தீயோடு விளையாடுவது.

மறைந்துபோன பெட்ரோல்

1980களில் புகைக் கட்டுப்பாடுகள் இறுக, கார்புரேட்டர் விடைபெறத் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய பிக்கப்களில் 1987 முதல் பெட்ரோல் இன்ஜெக்ஷனுக்கு மாறியது. மின்சாரப் பம்ப் டேங்குக்குள்ளேயே போய்விட்டது. அங்கிருந்தே தள்ளுவதால் வேப்பர் லாக் பெருமளவு ஒழிந்தது. ஆனால் கிண்ணமும் இல்லை, குச்சியும் இல்லை. சாவியைத் திருப்பியதும் டேங்கிலிருந்து வரும் மெல்லிய ரீங்காரமும், அழுத்தமானியின் முள்ளும்தான் சாட்சி. 1996-ல் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கார்களுக்கும் சிறு ட்ரக்குகளுக்கும் கணினிச் சோதனைமுறை கட்டாயமானது.

பழைய வண்டிகளுக்கு நோய் இப்போது வேறு வழியிலும் வருகிறது. பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் பழைய ரப்பரைப் பதம் பார்க்கிறது, ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கிறது. 1950-ல் செய்த டயஃப்ரம் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதல்ல.

ஒவ்வொரு கண்டுபிடிப்பும் ஒரு கோளாறைத் தீர்த்து, இன்னொன்றை வேறு இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அதனால் பழைய பிக்கப் நின்றுவிட்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இது எந்த வருட வண்டி?' என்பதுதான். பிறகு பெட்ரோல் போகும் வழியிலேயே போய்ப் பார்த்தால், அது நின்ற இடம் தெரிந்துவிடும்.