சொகுசு பின்னால் வந்தது

ரேஞ்ச் ரோவர் என்றதும் தோல் இருக்கைகளும் கோடிக்கணக்கில் விலையும்தான் நினைவுக்கு வருகின்றன. பணக்காரர்களுக்கென்றே திட்டமிட்டு உருவாக்கிய வண்டி இது என்ற நம்பிக்கையும் அதனால்தான் நிலைத்துவிட்டது. 1970 ஜூனில் அறிமுகமான முதல் வண்டியைப் பார்த்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். விலை 1,998 பவுண்டு. இருக்கைகளுக்கு வினைல் உறை, தரையில் ரப்பர் விரிப்பு, டாஷ்போர்டு வெறும் பிளாஸ்டிக். வயல் சேற்றோடு ஏறி உட்கார்ந்தாலும் பிறகு தண்ணீர் விட்டுக் கழுவிக்கொள்ளலாம் என்பதே கணக்கு. கதவுகள் இரண்டே இரண்டு. பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கிவிட்டுக் குனிந்துதான் நுழைய வேண்டும். சீமான்களை மனத்தில் வைத்து எவரும் இப்படி ஒரு வண்டியை வடிவமைத்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் அதன் சொகுசு எங்கிருந்து தொடங்கியது? ஸ்பிரிங்கிலிருந்து என்பதே என் வாதம். 1948 முதல் விற்பனையான லேண்ட் ரோவர், லாரியில் இருப்பது போன்ற லீஃப் ஸ்பிரிங்கில் ஓடியது. பாரம் தாங்குவதில் அதற்கு ஈடில்லை, ஆனால் விறைப்பானது. ஒரு சக்கரம் பள்ளத்தின் மேல் வந்தால் கீழே இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். மண்ணைத் தொடாத சக்கரத்தால் வண்டியை இழுக்க முடியாது. ரோவர் நிறுவனத்தின் பொறியாளர்கள் ஸ்பென் கிங்கும் கோர்டன் பாஷ்ஃபோர்டும் நான்கு சக்கரங்களுக்கும் நீண்டு சுருங்கும் சுருள் ஸ்பிரிங்கைப் பொருத்தினார்கள். சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி மண்ணைப் பிடித்தது. அதே மென்மை தார்ச்சாலையில் குலுக்கலையும் போக்கியது. காட்டுக்காகச் செய்த வேலையின் பலன் நெடுஞ்சாலையிலும் கிடைத்தது. பியூக்கிடமிருந்து உரிமை வாங்கிய 3.5 லிட்டர் அலுமினிய வி8 எஞ்சினின் 135 குதிரைத்திறன் எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து சென்றது. நான்கிலும் டிஸ்க் பிரேக்.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. 1972-ல் பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே பாதையே இல்லாத டேரியன் காட்டை, பிரிட்டிஷ் பயணக் குழுவின் இரண்டு ரேஞ்ச் ரோவர்கள் கடந்தன. வழியில் டிஃபரன்ஷியல்கள் உடைந்தன. சுமார் 100 நாள் ஆயிற்று. 1979-ல் நடந்த முதல் பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் கார்களில் முதலிடம் பிடித்ததும் ரேஞ்ச் ரோவர்தான்.

சொகுசைக் கேட்டு வாங்கியவர்கள் வாடிக்கையாளர்கள். தாய் நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்ட் பணமுடையில் தவித்ததால் பத்தாண்டுகள் பெரிய மாற்றமே இல்லை. நான்கு கதவு வைத்த வண்டியை 1980-ல் சுவிட்சர்லாந்தின் மான்டெவெர்டி நிறுவனம் செய்து காட்டியது. தொழிற்சாலையின் சொந்த நான்கு கதவு வண்டி மறு ஆண்டுதான் வந்தது. 1982-ல் ஆட்டோமேட்டிக் கியர், 1987-ல் அமெரிக்கச் சந்தை, 1992-ல் ஏர் சஸ்பென்ஷன் என்று பிறகு வேகம் பிடித்தது.

1963-லேயே ஜீப் வேகனீர் வந்துவிட்டதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆட்டோமேட்டிக் கியரும் காருக்குரிய உள்வசதியும் அதில் முன்பே கிடைத்தன. அந்தப் பெருமை அதற்கே உரியது. ஆனால் அதன் பின் அச்சு லீஃப் ஸ்பிரிங்கில்தான் நின்றது. கரடுமுரடான தரைக்கான தீர்வே பயணச் சுகமாகவும் மாறியது ரேஞ்ச் ரோவரில்தான்.

சொகுசு கூடக் கூட அசல் திறமை போய்விட்டது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. இத்தகைய வண்டிகளை நகருக்குள் ஓட்டித் திரிவதை ஸ்பென் கிங்கே பிற்காலத்தில் கண்டித்தார். அவருடைய கண்டனம் ஓட்டுபவர்களைப் பற்றியது. அது வண்டியின் குறை ஆகாது. 2012-ல் வந்த மாடல், முழு அலுமினிய உடலால் முந்தையதைவிட 420 கிலோ வரை எடை குறைந்தது. 900 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கிப் போகும் திறனும் அதற்கு இருந்தது. 2008-ல் டாடா மோட்டார்ஸ் ஜாகுவார் லேண்ட் ரோவரை 230 கோடி டாலருக்கு வாங்கியபோது, பிராண்டின் பெயரோடு இந்தப் பொறியியல் மரபும் சேர்ந்தே கைமாறியது. 2024 முதல் ரேஞ்ச் ரோவர் புனேயிலும் தயாராகிறது.