செல்லப்பா சொன்ன கதை

1959-இல் 'கல்யாணப் பரிசு' ஓடிய கொட்டகைகளில் கைக்குட்டைகள் நனைந்தன. இயக்குநர் ஸ்ரீதருக்கு அதுதான் முதல் படம். வயது 26 கூட நிரம்பவில்லை. பிறகு சித்ராலயா என்று சொந்தக் கம்பெனி தொடங்கி, காஷ்மீர் வரை போய் 'தேன் நிலவு' எடுத்தார். எதிர்பார்த்த அளவுக்குத் தேன் சொட்டவில்லை. அடுத்து, ஓர் ஆஸ்பத்திரி செட்டுக்குள்ளேயே ஒரு மாதத்துக்குள் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) எடுத்தார். மறுபடியும் கண்ணீர், மறுபடியும் வெற்றி. ஸ்ரீதர் என்றால் சோகம் என்று ஊரே முடிவு கட்டிவிட்ட வேளையில், பழைய சிநேகிதர் ஒருவர் குட்டையைக் குழப்பினார்.

அவர் கோபு. செங்கல்பட்டுப் பள்ளி நாடகக் காலத்திலிருந்தே ஸ்ரீதர் எழுதினால் உருக்கம், கோபு எழுதினால் சிரிப்பு. மெரினா கடற்கரையில் காரை நிறுத்திக் கதை பேசுவது இருவருக்கும் வழக்கம். அங்கேதான் கோபு கேட்டார்: முழுக்க முழுக்கச் சிரிப்புப் படம் எடுத்தால் என்ன? தயங்கிய ஸ்ரீதர் கடைசியில் தலையாட்டினார். அதுவும் ஈஸ்ட்மென் கலரில்! செலவு கூடியது. நடிக்க யார்?

மலேசியாவிலிருந்து வந்த ராமன், ரவிச்சந்திரன் ஆனார். விமானப் பணிப்பெண்ணாக இருந்த வசுந்தரா, காஞ்சனா ஆனார். கதாநாயகியாக நடித்துவிட்ட சச்சு, காமெடி வேடமா என்று தயங்கினார். அவரைப் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். ஆழியாறில் படப்பிடிப்பு. பணக்கார அப்பா விஸ்வநாதனாக டி.எஸ். பாலையா, அவர் பணத்தில் 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' நடத்தத் துடிக்கும் மகன் செல்லப்பாவாக நாகேஷ். மகன் அப்பாவுக்குப் படக்கதை சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது?

அப்போது தாதா மிராசி என்றொரு இயக்குநர் இருந்தார். கதை சொல்ல உட்கார்ந்தால் பின்னணி ஓசைகளையும் வாயாலேயே எழுப்புவாராம். கோடம்பாக்கத்தில் இன்றும் சொல்கிறார்கள்: நாகேஷ் பிடித்துக்கொண்டது அந்தப் பாணியைத்தான். கதவு கிறீச்சிட்டது, காற்று ஊளையிட்டது, எல்லாம் ஒரே வாயிலிருந்து. எதிரே பாலையா, 1936-இல் 'சதி லீலாவதி'யில் வில்லனாக அறிமுகமானவர், வெலவெலத்துப் போனார். என்னைக் கேட்டால், அந்தக் காட்சியில் பாதிச் சிரிப்பு பேசாமல் பயப்படும் பாலையாவுக்கே சேரும்.

1964 பிப்ரவரியில் 'காதலிக்க நேரமில்லை' வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தாதா மிராசியும் தன் பங்குக்குத் தமிழகத்தையே இருக்கை நுனிக்கு இழுத்தார், 'புதிய பறவை'யோடு. இரண்டு ஆண்டு கழித்து ஸ்ரீதரே தன் படத்தை 'ப்யார் கியே ஜா' என்று இந்தியில் எடுத்தார். ஓம் பிரகாஷுக்கு அந்தத் திகில் கதையைச் சொன்ன மெஹ்மூத், சிறந்த நகைச்சுவை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருதைத் தட்டிக்கொண்டு போனார்.