தவறு எங்கே என்று சொல்லிவிட்ட சர்வர்

ஒரு வங்கியின் பக்கத்தை உலாவியில் திறக்கும்போது, பக்கம் கண்ணில் படுவதற்கு முன்பே உலாவியும் சர்வரும் சில செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. இதைக் கைகுலுக்கல் என்பார்கள். தனக்குத் தெரிந்த மறையாக்க முறைகளை உலாவி பட்டியலிட்டு அனுப்பும். சர்வர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தன் சான்றிதழையும் சேர்த்து அனுப்பும். அடுத்ததுதான் சிக்கலான கட்டம். யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கக்கூடிய பாதையில், இருவருக்கு மட்டும் தெரிந்த ஓர் இரகசியம் உருவாக வேண்டும்.

நெட்ஸ்கேப் நிறுவனத்தின் எஸ்.எஸ்.எல். நெறிமுறை இதற்கு எளிய வழி ஒன்றை வைத்திருந்தது. (அதன் முதல் பதிப்பு வெளிவரவே இல்லை. 2.0 1995ல் வந்தது. அதில் இருந்த ஓட்டைகளால் அடுத்த ஆண்டே 3.0 வந்தது.) 3.0 பதிப்பில் உலாவி 48 பைட் நீளமுள்ள இரகசியம் ஒன்றை உருவாக்கி, சான்றிதழில் உள்ள பொதுச் சாவியைக் கொண்டு ஆர்.எஸ்.ஏ. முறையில் பூட்டி அனுப்பும். சர்வர் தன் தனிச் சாவியால் அதைத் திறந்துகொள்ளும்.

1024 பிட் சாவி என்றால் பூட்ட வேண்டிய எண் 128 பைட் இருக்க வேண்டும். இரகசியமோ 48 பைட்தான். மீதியை நிரப்ப ஒரு விதி இருந்தது: முதல் பைட் 0, அடுத்தது 2, பிறகு ஏதோ சில பைட்கள், பிறகு ஒரு 0, கடைசியில் இரகசியம். சர்வர் பூட்டைத் திறந்ததும் இந்த அமைப்பு சரியா என்று பார்க்கும். சரியில்லை என்றால் "அமைப்பு தவறு" என்று பிழைச்செய்தி அனுப்பும். நல்ல நிரல் எழுதுபவர் யாரும் அப்படித்தான் செய்வார்!

1998ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டேனியல் பிளைஷன்பாகர் கைவைத்தது இந்த இடத்தில்தான். ஆர்.எஸ்.ஏ. முறையில் பூட்டிய எண்ணைத் திறக்காமலேயே உள்ளே இருப்பதை வேறோர் எண்ணால் பெருக்கிவிட முடியும். பிறர் அனுப்பிய பூட்டிய செய்தியைப் பதிவு செய்துகொண்டு, அதை விதவிதமாகப் பெருக்கி சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் "தவறு" என்றே பதில் வரும். எப்போதாவது அந்தப் பதில் வராமல் போகும். அப்போது, பெருக்கி வந்த எண் 0, 2 என்று தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். அந்த ஒரு தகவலால் உள்ளே இருக்கும் எண்ணின் எல்லை சுருங்கும். ஏறத்தாழ பத்து லட்சம் கேள்விகளில் இரகசியமே கையில் வந்துவிடும். தனிச் சாவி சர்வரை விட்டு வெளியேறவே இல்லை. சர்வரின் நேர்மையான பதில்களே போதுமானதாக இருந்தன.

இதற்கு அப்போது சொல்லப்பட்ட தீர்வு, சர்வரை நடிக்கச் சொல்வது. அமைப்பு தவறாக இருந்தாலும் சர்வர் வாய் திறக்கக் கூடாது. தற்செயலான ஓர் இரகசியத்தைத் தானே உருவாக்கிக்கொண்டு கைகுலுக்கலைத் தொடர வேண்டும். கடைசிச் செய்தியில் எல்லாம் தானாகவே பொருந்தாமல் போகும். 1999ல் வந்த டி.எல்.எஸ். 1.0 ஆவணத்திலேயே இந்த அறிவுரை இருக்கிறது. அறிவுரையைப் பின்பற்றுவதுதான் கடினமாக இருந்தது. 2003ல் செக் நாட்டு ஆய்வாளர்கள், இரகசியத்தின் முதல் இரண்டு பைட்களில் உள்ள பதிப்பு எண்ணைச் சோதித்துப் பிழை சொல்லும் சர்வர்களும் அதேபோல உளறுவதைக் காட்டினார்கள். 2014ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஜாவா நூலகம் வாய் திறக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் பிழையைக் கையாள எடுத்துக்கொண்ட சில மைக்ரோநொடிகளே அதைக் காட்டிக்கொடுத்தன.

2016ல் வெளியான 'ட்ரவுன்' தாக்குதல் இன்னும் மோசம். புதிய வலை சர்வர் ஒழுங்காகவே இருக்கும். ஆனால் அதே சாவியை வைத்துக்கொண்டு எங்கோ ஒரு பழைய மின்னஞ்சல் சர்வர் எஸ்.எஸ்.எல். 2.0 பேசிக்கொண்டிருக்கும். அதன் வழியாகப் புதியதையும் உடைக்கலாம். பாதுகாப்பான வலை சர்வர்களில் 33 விழுக்காடு இதற்கு இலக்காகும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

2017 டிசம்பரில் ஹன்னோ பாக், யூராய் சோமோரோவ்ஸ்கி, கிரெய்க் யங் ஆகிய மூவரும் 1998ன் தாக்குதலைச் சிறு மாற்றங்களுடன் மீண்டும் முயன்று பார்த்தார்கள். அதிகம் பார்க்கப்படும் முதல் நூறு தளங்களில் 27 சிக்கின. ஃபேஸ்புக்கின் தனிச் சாவியைப் பார்க்காமலேயே அதைக் கொண்டு ஒரு செய்தியில் கையொப்பமிட்டும் காட்டினார்கள். சில சர்வர்கள் பிழைச்செய்தியின் எண்ணை மாற்றின. சில இணைப்பைத் துண்டித்தன. சில பதிலே சொல்லாமல் காத்திருந்தன. வேறுபாடு எதுவானாலும் தாக்குபவருக்கு அது பதில்தான். பத்தொன்பது ஆண்டுகள் கழித்தும் பெரிய நிறுவனங்களின் கருவிகளே இப்படி என்றால், நிரலாளர்களை மட்டும் குறை சொல்வது சரியாகாது. நடிக்கச் சொன்ன நெறிமுறையிலும் பிழை இருந்தது.

2018 ஆகஸ்டில் வந்த டி.எல்.எஸ். 1.3 நடிப்பை நிறுத்தியது. இரகசியத்தைப் பூட்டி அனுப்பும் ஆர்.எஸ்.ஏ. வழியே அதில் கிடையாது. இரு பக்கமும் டிஃபி-ஹெல்மன் முறையில் தத்தம் பங்கை அனுப்பி இரகசியத்தைக் கணக்கிடுகின்றன. சான்றிதழுக்குரிய தனிச் சாவி கையொப்பமிட மட்டுமே பயன்படுகிறது. ஆனாலும் பழைய உலாவிகளுக்காக 1.2ஐயும், அதில் அந்தப் பழைய ஆர்.எஸ்.ஏ. வழியையும் அதே சாவியுடன் திறந்து வைத்திருக்கும் சர்வரில், அமைப்புக் கோப்பின் அந்த வரியை யாராவது நீக்கும்வரை அது பத்து லட்சம் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டிய நிலையில்தான் இருக்கும்.