பங்குதாரர்

'பகு' என்னும் வினையோடு உறவுடையது பங்கு. பகுதி, பகிர்வு இரண்டும் அதன் உடன்பிறப்புகள். பின்னொட்டான 'தார்' பாரசீகத்திலிருந்து வந்தது. வைத்திருப்பவர் என்று பொருள். ஜமீன்தார், தாசில்தார் போன்றவற்றிலும் அதுவே இருக்கிறது. ஆக, பங்குதாரர் என்றால் பங்கை வைத்திருப்பவர். கடைக்கு முதல் போட்டவரையும் கம்பெனியில் பங்கு வாங்கியவரையும் அப்படித்தான் அழைத்தோம்.

இன்று திட்ட அறிக்கைகள், ஒரு திட்டத்தால் வாழ்வு மாறக்கூடிய எல்லாரையும் பங்குதாரர் என்கின்றன. நாடுகளின் எல்லையைத் தாண்டும் திட்டங்களில் இந்தப் பொருள் நீட்சி மிகவும் இடறுகிறது. மேகாங் ஆற்றைப் பாருங்கள். கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கும் 1995இல் ஒப்பந்தம் செய்து ஆற்று ஆணையத்தை அமைத்தன. ஆற்றின் முதன்மை ஓட்டத்தில் அணை கட்டும் நாடு மற்ற மூன்றிடமும் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும். ஆனால் தடுக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. லாவோஸின் சயாபுரி அணைக்கு 2010இல் அந்தக் கலந்தாய்வு தொடங்கியது; நான்கு அரசுகளும் உடன்பாட்டுக்கு வரவில்லை. 2019இல் அணை மின்சாரம் தரத் தொடங்கிவிட்டது.

அந்தக் கலந்தாய்வில் அமர்ந்தவை அரசுகள். மழைக்காலத்தில் மேகாங் பெருகும்போது ஓட்டம் திசைமாறி நிரம்பும் தோன்லே சாப் ஏரியில் மீன்பிடிக்கும் கம்போடியக் குடும்பத்துக்கு அங்கே முதலீடு ஏது, வாக்கு ஏது? பிழைப்பு மட்டுமே இருக்கிறது. அவர்களைப் பங்குதாரர் என்பது, இல்லாத அதிகாரத்தை இருப்பதாகக் காட்டுகிறது. 'உரியோர்' என்னும் பழஞ்சொல்லையே நான் தேர்வேன். உரிமை அதற்குள்ளேயே இருக்கிறது.