அரக்க இனப் பாத்திரங்கள்: மேசைக் கற்பனை விளையாட்டுகளில்

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் கற்பனை விளையாட்டுகளில் ஓர்க், கோப்ளின், கோபோல்ட், டிரோல் முதலிய மனித உருவ அரக்க இனங்களுக்கு வழக்கமாக எதிரி வேடமே வாய்க்கும். குகையில் பதுங்கியிருப்பது, புதையலைக் காப்பது, கதாநாயகர்கள் வந்ததும் வெட்டுப்படுவது ஆகியவையே அவற்றின் வேலை. அந்த இனங்களில் ஒன்றை ஆட்டக்காரர் தம் சொந்தப் பாத்திரமாக எடுத்து ஆடும் வழக்கத்தின் வரலாறு இக்கட்டுரையில் கூறப்படுகிறது. இத்துறையின் முதல் விதிநூலிலேயே இதற்கு அனுமதி இருந்தது. அனுமதியின் விலை என்ன என்பதை ஒவ்வொரு தலைமுறை விதிநூலும் வேறு வேறாக நிர்ணயித்துவந்தது.

தொடக்கம்

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் (இனி டி அண்டு டி) 1974இல், கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரின் பெயரில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா ஊரில் இயங்கிய டிஎஸ்ஆர் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. மூன்று சிறு நூல்கள் கொண்ட அப்பெட்டியின் முதல் நூல், பலவீனமான நிலையில் தொடங்கிப் படிப்படியாக வளர்வதாக இருந்தால் ஆட்டக்காரர் எந்த உயிரினத்தையும் ஏற்கலாம் என்கிறது. டிராகனாக ஆட விரும்புபவர் இளம் டிராகனாகத் தொடங்க வேண்டும் என்பது அது தரும் உதாரணம். ஒரு பத்தி அளவே ஆன இந்த அனுமதிக்குப் பின்னால் வேறு விதி எதுவும் இல்லை.

இதற்கும் முன்பு, மினியாபொலிஸ்–செயின்ட் பால் நகரங்களில் ஆர்னெசன் நடத்திவந்த பிளாக்மூர் ஆட்டத்தில் 'சர் ஃபாங்' என்ற ரத்தக்காட்டேரிப் பாத்திரம் ஓர் ஆட்டக்காரரின் கையில் இருந்தது. அது மிதமிஞ்சிய வலிமை பெற்றுவிட்டதால் அதை அடக்கவே பூசாரி என்ற தொழில் உருவாக்கப்பட்டது என்று அக்காலத்து ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளனர். அந்த மேசைகளிலிருந்து எஞ்சிய எழுத்துப் பதிவு குறைவு. ஆகவே இச்செய்தி பெரும்பாலும் நினைவுகளை நம்பியே நிற்கிறது.

1976இல் கென் செயின்ட் ஆண்ட்ரே எழுதிய 'மான்ஸ்டர்ஸ்! மான்ஸ்டர்ஸ்!' ஆட்டத்தைத் தலைகீழாகத் திருப்பியது. அதில் ஆட்டக்காரர் அனைவரும் அரக்கர்கள். ஊருக்குள் புகுந்து மனிதர்களைத் தாக்குவதே நோக்கம்.

அரை ஓர்க்: 1977 முதல் 1982 வரை

இக்காலப் பகுதிக்குச் சான்றுகள் மிகுதி. 1977இல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' ஓர்க்குகளைப் பன்றி முகத்தோடு வரைந்து காட்டியது. மனிதரோடு கலந்து பிறக்கும் அரை ஓர்க்குகளில் பத்தில் ஒரு பங்குதான் மனிதர் என்று சொல்லிக்கொள்ளத்தக்க தோற்றம் உடையது என்றும் அது கூறியது. அடுத்த ஆண்டு வெளிவந்த 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' அரை ஓர்க்கை ஆட்டக்காரர்களுக்குரிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆட்டக்காரரின் அரை ஓர்க் அந்தப் பத்தில் ஒன்றைச் சேர்ந்தது என்று கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் விதித்தது. மனிதராகத் தெரிந்தால் உள்ளே வரலாம் என்ற ஏற்பாடுதான் அது.

மற்ற விலைகள் எண்களில் இருந்தன. பலமும் உடலுறுதியும் ஒவ்வொரு புள்ளி கூடும். வசீகரம் இரண்டு குறையும். பிற இனத்தாரிடம் வசீகரம் 12ஐத் தாண்டவே முடியாது. போர்வீரராக 10ஆம் லெவல் வரையும், பூசாரியாக 4ஆம் லெவல் வரையும் உயரலாம். எல்லையின்றி உயரக்கூடிய ஒரே தொழில் கூலிக்கொலைதான். அட்டவணையின் ஒரே ஒரு வரிசையைப் படித்தாலே, இந்தப் பாத்திரத்தின் வாழ்க்கை எந்தத் திசையில் போக வேண்டும் என்று நூல் எண்ணியது என்பது தெரிந்துவிடும். இருந்தும் பலர் அதை விரும்பி எடுத்தனர்.

1979இல் வந்த 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு' நூலில் கைகாக்ஸ் இப்பொருளுக்கென்றே தனிப்பகுதி ஒதுக்கினார். 1974இன் தாராளம் அதில் இல்லை. அரக்கனாக ஆட விரும்புபவர்களில் பெரும்பாலோர் மற்றவர்களை மிஞ்சும் பலத்துக்காகவே அப்படிக் கேட்கிறார்கள். ஆட்டத்தின் உலகம் மனிதரை மையமாகக் கொண்டது. அரக்கப் பாத்திரத்துக்கு அங்கே ஊரும் இல்லை, உறவும் இல்லை என்பது அவருடைய வாதம். அவர் தடை போடவில்லை. முடிவை ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரிடம் விட்டார், ஆனால் எந்தப் பக்கம் முடிவெடுக்க வேண்டும் என்பதைத் தெளிவாகவே சுட்டினார். அனுபவமுள்ள டன்ஜன் மாஸ்டர்கள் பலர் இன்றும் இதை நியாயமான எச்சரிக்கை என்பர். தொடங்கும் முன்பே கதவைச் சாத்திய பகுதி இது என்பது மறுதரப்பு.

இதே காலத்தில் வேறொரு கேள்வியும் முளைத்தது. கைகாக்ஸ் எழுதிய 'கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' என்ற சாகசம் புதிய ஆட்டக்காரர் பலருக்கு முதல் ஆட்டமாக அமைந்தது. அதில் வரும் குகைகளில் கோபோல்டுகளும் ஓர்க்குகளும் குடும்பமாக வாழ்கின்றன. அறைவாரியான குறிப்பில் பெண்டு பிள்ளைகளின் எண்ணிக்கையும் இருக்கிறது. வாளோடு அந்த அறைக்குள் நுழைந்த ஆட்டக்காரர்கள் திகைத்து நின்றார்கள். சண்டை போடாமல் ஒடுங்கி நிற்கும் குட்டிகளை என்ன செய்வது என்ற விவாதம் அன்றிலிருந்து ஓயவில்லை. அரக்கர் பக்கத்திலிருந்து ஆட வேண்டும் என்ற ஆசை பலருக்கு இந்த அறையில்தான் பிறந்தது என்று சொல்வதுண்டு.

'டிராகன்' இதழில் ராஜர் மூர் 1982இல் ஒவ்வோர் இனத்தின் கண்ணோட்டத்தையும் விளக்கி எழுதிய வரிசையின் கடைசிக் கட்டுரை அரை ஓர்க்கைப் பற்றியது. ஜூன் மாத இதழில் வந்தது. ஓர்க்குகளின் தெய்வங்கள் குறித்தும் அவர் எழுதினார். ஓர்க்குகளின் ஒற்றைக்கண் தெய்வம் குரூம்ஷ் பற்றிய புராணம் அவ்விதழ் வழியே பரவியது. தெய்வங்கள் சீட்டுப்போட்டு நிலங்களைப் பங்கிடுகின்றன. மலை குள்ளர்களுக்கு, காடு எல்ஃப்களுக்கு, விரும்பிய எந்த இடமும் மனிதர்களுக்கு என்று எல்லாம் முடிந்துவிட, ஓர்க்குகளுக்கு எதுவும் மிஞ்சவில்லை. மற்ற தெய்வங்கள் சிரிக்கின்றன. குரூம்ஷ் வெகுண்டு ஈட்டியால் மலைகளைப் பிளந்து, அந்த வெடிப்புகளில் தம் மக்கள் வாழ்வார்கள் என்று சபதம் செய்கிறார். தெய்வமும் நில உரிமையும் மனக்குறையும் அமைந்துவிட்டால் அந்த இனத்தை உள்ளிருந்து ஆட முடிகிறது. இந்த ஒரு புராணம் செய்ததை எத்தனை அட்டவணைகளும் செய்யவில்லை.

குளோரந்தாவின் டிரோல்கள்

டி அண்டு டிக்கு வெளியே இதே ஆண்டுகளில் நிகழ்ந்தது இன்னும் பெரிது. ஸ்டீவ் பெரினும் நண்பர்களும் விதிகளை எழுத, கிரெக் ஸ்டாஃபர்ட் படைத்த குளோரந்தா என்ற உலகைக் களமாகக் கொண்டு, கேயாசியம் நிறுவனம் 1978இல் 'ரூன்குவெஸ்ட்' விளையாட்டை வெளியிட்டது. டி அண்டு டியில் அரக்கனுக்கு இருந்தவை உயிர்ப்புள்ளிகள், கவசம், தாக்கும் விதம் போன்ற சண்டைக்குத் தேவையான சில விவரங்களே. ரூன்குவெஸ்டில் பலம், உடலுறுதி, உருவளவு, அறிவு, ஆன்ம சக்தி, லாகவம், வசீகரம் என மனிதப் பாத்திரத்துக்குரிய அதே ஏழு அளவைகள் டிரோலுக்கும் உண்டு. மனிதனுக்கு உருட்டும் பகடையையே டிரோலுக்கும் கூடுதலாகவோ குறைவாகவோ உருட்டினால் போதும், பாத்திரம் தயார். தனி அனுமதிக்கும் தண்டனை அட்டவணைக்கும் அங்கே தேவை எழவில்லை.

1982இல் ஸ்டாஃபர்டும் சாண்டி பீட்டர்சனும் எழுதி வெளிவந்த 'டிரோல்பேக்' பெட்டி இத்துறையில் ஓர் அரக்க இனத்துக்குக் கிடைத்த முதல் முழுமையான இனவரைவியல் எனலாம். டிரோல்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர் 'உஸ்'. ஆதியில் அவர்கள் பாதாளத்தின் இருளில், வொண்டர்ஹோம் என்ற பேரின்பத் தாயகத்தில் வாழ்ந்தார்கள். சூரிய தெய்வம் யெல்ம் கொல்லப்பட்டு, இறந்தவர்களின் உலகான அந்தப் பாதாளத்துக்கே வந்து சேர்ந்தபோது அதன் ஒளி அவர்களைச் சுட்டது. வலி தாங்காமல் மேலுலகுக்கு ஓடிவந்தார்கள். மனிதர் கண்ணுக்கு இது அரக்கர் படையெடுப்பு. டிரோல் பாட்டி பேரக்குழந்தைகளுக்குச் சொல்லும்போது இதுவே அகதிகளின் கதை.

பெட்டியின் நூல்கள் இந்தக் கோணத்தை எங்கும் கைவிடவில்லை. டிரோலின் உடற்கூறு, செரிமானம், உணவுப் பழக்கம் எல்லாம் பொறுமையாக விளக்கப்படுகின்றன. மரம், கல், எதிரி, உறவினர் என்று எதையும் தின்னக்கூடிய வயிறு அவர்களுக்கு. இருளில் ஒலியின் எதிரொலிப்பைக் கொண்டு பொருள்களை உணர்கிறார்கள். மாட்டுப் பட்டியின் இடத்தில் ராட்சத வண்டுகளை வளர்க்கிறார்கள். தலைமை பெண்களுடையது, குலதெய்வம் கைகர் லிடோரும் தாய்த்தெய்வமே.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு துயரம் ஓடுகிறது. நைசாலோர் என்ற தெய்வத்தின் காலத்தில் விழுந்த சாபத்தால் டிரோல் தாய்மார்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவை சூம்பிய, பலவீனமான டிரோல்கின்களாகப் பிறக்கின்றன. தாய் பசியிலும் வெறுப்பிலும் சிலவற்றைத் தின்றுவிடுவதும் உண்டு. எஞ்சியவை அடிமைகளாக வளர்கின்றன. டிரோல்பால் என்ற பந்தாட்டத்தில் பந்தாக உருட்டப்படுவதும் உயிருள்ள ஒரு டிரோல்கின்தான். அந்தச் சிறு ஜீவன்கள் மீது இரக்கம் காட்டும் சியோலா உம்பர் என்ற இருளின் கருணைத் தெய்வமும் அதே சமயத்தில் இருக்கிறாள். நகைச்சுவையும் கொடுமையும் பரிவும் இப்படி ஒரே இடத்தில் அமைவது இவ்வகை நூல்களில் அரிது. டிரோலாக ஆடுபவர் மனிதராகத் தெரிய வேண்டியதில்லை. தம் இனத்தின் பசியையும் சாபத்தையும் சுமந்தால் போதும்.

1985 முதல் 1999 வரை

1985இல் 'அன்எர்த்டு ஆர்கானா' பாதாள எல்ஃப்களான டிரோக்களை ஆட்டக்காரர்களுக்குத் திறந்துவிட்டது. 1988இல் ஆர். ஏ. சல்வடோரின் நாவல் வழியே டிரிஸ்ட் என்ற நல்ல டிரோ புகழ்பெற்றதும் அவனைப் போலவே ஆட விரும்புவோர் பெருகினர். அதே ஆண்டு புரூஸ் ஹெர்ட் எழுதிய 'தி ஓர்க்ஸ் ஆஃப் தார்' ஓர்க், கோப்ளின், கோபோல்ட் இனங்களை முழுப் பாத்திரங்களாக்கியது. ஆனால் அமெரிக்கப் பழங்குடிகளையும் மங்கோலியரையும் கேலிச்சித்திரமாக்கியதாகப் பிற்காலத்தில் அது கடுமையாக விமர்சிக்கப்பட்டது. 1989இல் வந்த 'ஷேடோரன்' ஓர்க்கையும் டிரோலையும் வருங்கால நகரத்து மக்களாக்கி, அவர்கள்மேல் இனவெறி பாயும் உலகைக் காட்டியது.

அதே 1989இல் டி அண்டு டியின் இரண்டாம் பதிப்பு அரை ஓர்க்கைக் கைவிட்டது. 1980களில் சமய அமைப்புகளும் பெற்றோரும் எழுப்பிய எதிர்ப்பே காரணம் என்பது பரவலான கருத்து. கூலிக்கொலைத் தொழில் நீக்கப்பட்டதும் பேய்களின் பெயர்கள் மாற்றப்பட்டதும் இதற்கு வலுச்சேர்க்கின்றன. அரை ஓர்க்கின் பிறப்பு பற்றிய அருவருப்பான ஊகமே முதன்மைக் காரணம் என்றும் சிலர் கருதுவர். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். 1993இல் பில் ஸ்லாவிசெக் எழுதிய 'கம்ப்ளீட் புக் ஆஃப் ஹ்யூமனாய்ட்ஸ்' அரை ஓர்க்கோடு மினோட்டார், நோல், பல்லி மனிதர் எனப் பலரையும் ஒரே நூலில் மீட்டது.

2000க்குப் பின்

டி அண்டு டியின் மூன்றாம் பதிப்பு 2000இல் அரை ஓர்க்கை அடிப்படை நூலுக்குத் திரும்பக் கொணர்ந்தது. 2003இன் 'சாவேஜ் ஸ்பீஷிஸ்' எல்லா அரக்கர்களுக்கும் விலைப்பட்டியல் போட முயன்றது. இனத்தின் பலத்துக்கேற்பச் சில லெவல்கள் கழிக்கப்படும். டிரோவுக்கு இரண்டு லெவல் விலை என்றால், முதல் லெவல் மந்திரவாதியான டிரோ மூன்றாம் லெவல் பாத்திரமாகக் கணக்கிடப்படுவார். கணக்கு நேர்மையாகத்தான் இருந்தது. ஆனால் தோழர்கள் பெரிய மந்திரங்களை ஏவும்போது அவர் எப்போதும் இரண்டு படி பின்னால் நின்றார். உயிர்ப்புள்ளியும் குறைவு என்பதால் ஒரே அடியில் விழுந்தார். பலர் இம்முறையை விட்டுவிட்டனர்.

கீத் பேக்கர் படைத்த எபெரான் உலகம் (2004) கோப்ளின் இனங்களுக்கு தகான் என்ற பழம்பேரரசை அளித்தது. 'பாத்ஃபைண்டர்' என்ற மற்றொரு விளையாட்டின் கோப்ளின்களோ வேறு ரகம். எழுத்து தலைக்குள் இருக்கும் சொற்களைத் திருடிவிடும் என்று அஞ்சும். குதிரையையும் நாயையும் வெறுக்கும். நெருப்பைக் கண்டால் குதூகலிக்கும். 2011இல் 'வீ பி கோப்ளின்ஸ்!' என்ற இலவசச் சாகசத்தில் ஆட்டக்காரர்கள் இவர்களாகவே ஆடினர். 2019இல் வந்த பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பில் கோப்ளின் அடிப்படை இனங்களுள் ஒன்றானது. ஊருக்குத் தீ வைக்கும் கூட்டத்தை ஊரார் எப்படி ஏற்பர் என்று எதிர்ப்பும் எழுந்தது.

டி அண்டு டியின் ஐந்தாம் பதிப்பில் 'வோலோஸ் கைடு' (2016) ஓர்க், கோப்ளின், கோபோல்ட் ஆகியவற்றை ஆட அளித்தது. ஓர்க்குக்கு அறிவிலும் கோபோல்டுக்குப் பலத்திலும் இரண்டு புள்ளி குறைத்தது. 2020இல் இக்குறைப்புகள் நீக்கப்பட்டன. 2024இன் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' அரை ஓர்க்கை விலக்கி, ஓர்க்கையே முழுதாகச் சேர்த்தது. 2025இன் 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் ஓர்க்குகளுக்கெனத் தனிப் பதிவு இல்லை. கோப்ளின்களுக்கு உண்டு, ஆனால் மனித உருவ இனமாக அல்லாமல் மாயவனத்து உயிரினமாக.