உளி பிடித்த கையின் பெயர்

திருக்கோவிலூர் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பாரியின் மகளை மலையனுக்கு மணமுடித்துக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியை அது சொல்கிறது. புலவர் மறைந்து பல நூற்றாண்டு கழித்தும் அவரைக் கல்லில் ஏற்றிவைத்த மண் இது. மரச்சிற்பத்துக்குப் பேர்போன இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சிற்பியின் பெயர் மட்டும் எங்கும் ஏறவில்லை.

பெயர் போட்டுக்கொள்ளாமல் ஒதுங்கியிருப்பதே நம் கலை மரபு என்று மேடைகளில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சனைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிப் பாறையில் கேவாத பெருந்தச்சன் முதலானோர் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. பெயர் இடுவது மரபில் இருந்தது, இடையில்தான் விட்டுப்போயிற்று.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரப் பட்டறைகளில் வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் விட்டுப்போன காரணம் ஓரளவு விளங்கும். வாகையோ, மாவோ, வேம்போ, ஈரம் வற்றிய கட்டை முதலில் ஒருவர் கைக்கு வரும். அவர் உருவத்தின் கோடு போட்டுக் கொட்டாப்புளியால் அடித்து வேண்டாததை வெட்டித் தள்ளுவார். தலை, தோள், இடுப்பு என்று பருமன் தெரிந்ததும் கட்டை இன்னொருவரிடம் போகும். மாலை, ஒட்டியாணம், பீடத்துத் தாமரை இதழ் ஆகியவை வளைந்த வாய் உளிக்காரர் பாடு. மூக்கு நுனியில் ஓர் இழை கூடுதலாகச் சீவிவிட்டால் பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். அதனால் முகத்தைப் பெரும்பாலும் மூத்த கையே முடிக்கும். பிறகு உப்புத்தாள் தேய்ப்பு, மெருகு. இத்தனை கை பட்ட பொருளில் யார் பெயரைப் போடுவது என்று பட்டறையில் கேட்டால் அது நியாயமான கேள்வி. சினிமாவில் இத்தனை பேர் பெயரையும் ஓடவிடுகிறார்களே என்பது என் பதில்.

மதுரைப் பக்கமிருந்து குடிபெயர்ந்தவர்கள் வழியாக வந்த தொழில் இது என்பார்கள். தமிழக அரசின் பூம்புகார் கைவினை நிறுவனத்தின் முயற்சியால் 2021இல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர் மகிழ்ந்தது, மகிழ வேண்டியதுதான். ஆனால் 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி அதற்கான பதிவேட்டுக்கு இரண்டு பகுதிகள். முதற்பகுதியில் பொருளும் அதன் உரிமையாளராகப் பதிந்துகொண்ட அமைப்பும் இருக்கும். இரண்டாம் பகுதி, குறியீட்டைப் பயன்படுத்த அனுமதி பெற்ற ஒவ்வொருவரின் பெயருக்கும் உரியது. பாராட்டு விழாக்களில் முதற்பகுதியைப் பற்றியே பேசுகிறோம். பட்டறைக்காரருக்குப் பயன்படுவது இரண்டாவது.

பதிவேட்டில் பெயர் ஏறினாலும் வேலையின் கதை ஏறாது. அதைக் கலைஞரே எழுதவேண்டும். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று சென்னையை அடுத்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, அங்கிருந்தவர்கள் பாத்திக் துணி வேலை செய்து விற்றுப் பிழைப்பை ஓட்டினார்கள். அதே வட்டத்தினர் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ என்ற இதழையும் நடத்தினார்கள். யார் என்ன வரைகிறார்கள், ஏன் அப்படி வரைகிறார்கள் என்று அந்த வட்டத்துக்குள்ளிருந்தே எழுத்து வந்தது. சென்னை ஓவிய இயக்கம் பற்றி இன்று ஆய்வு செய்கிறவர்களுக்கு அது கைகொடுக்கிறது. நம் பட்டறைகளைப் பற்றி நாளை ஆராய வருபவருக்கு விலைச்சீட்டுகள்தான் மிஞ்சும்போலும்.

இதே மாவட்டத்துக் கல்வராயன் மலையில் இந்தக் குறை இன்னும் கூர்மை. 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்த மலை அது. அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் வழக்கங்களை எட்கர் தர்ஸ்டன் போன்ற அதிகாரிகள் 1909லேயே அச்சேற்றிவிட்டார்கள். பார்த்தவர் எழுதியது அது. ஆட்டமும் பாட்டும் அறிந்த மலைக்காரரே எழுதும் குறிப்பு வேறு மாதிரி இருக்கும். எந்த அடிக்கு எந்தக் கால், எந்த நோன்புக்கு எந்தப் பாட்டு என்பதை வெளியாள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். அங்குள்ள வெள்ளிமலைப் பள்ளிப் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டு நோட்டில் எழுதத் தொடங்கினாலே போதும்.

மரச்சிற்பத்துக்கு வழி இன்னும் எளிது. பீடத்தின் அடிப்புறம் வெறும் மரமாகத்தான் இருக்கிறது. கோடு போட்டவர், அணி வெட்டியவர், முகம் முடித்தவர், ஊர், ஆண்டு: அவ்வளவையும் வெட்ட அரை மணி ஆகாது. வாங்கி விற்கும் கடைக்காரர் சம்மதிப்பாரா என்பதுதான் கேள்வி. சிற்பியின் பெயர் தெரிந்துவிட்டால் அடுத்த ஆர்டர் நேரே பட்டறைக்கே போய்விடுமே!